சாட்டிலைட்டில் பேச கென்வுட் டிஹெச்-டி72 ஹாம் ரேடியோ கைசெட் வாங்கலாமா?

ஒத்தக்கடையில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு வருடம் மலிவான ஒரு டூயல் பேண்ட் (இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் வேலை செய்யும்) செட்டை வைத்துக்கொண்டு எஸ்ஓ-50 சாட்டிலைட்டோடு, அதாவது ஹாம்கள் பேசுவதை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் சாட்டிலைட்டோடு, மல்லுக்கட்டினேன். மற்றவர்கள் பேசுவது கேட்கும், ஆனால் நான் கூப்பிட்டது மேலே போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது, ஏனென்றால் பேசுவதற்கான பட்டனை அழுத்தியதும் அந்த செட்டுக்குக் காது அடைத்துவிடும். பலமுறை அடுத்தவர் பேச்சின் மேலேயே பேசியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது, ரொம்ப வருத்தமாக இருந்தது.

டி72 ஃபுல் டூப்ளெக்ஸ், அதாவது பேசும்போதே கேட்கவும் முடியும். சாட்டிலைட் நம் குரலை ஏற்கத் தேவையான 67 ஹெர்ட்ஸ் டோனோடு 145.850 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிக்கொண்டே 436.795ல் நம் குரல் திரும்பி வருவதைக் கேட்கலாம். முதல்முறை கேட்டபோது கை நடுங்கியது! இயர்போன் கட்டாயம், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் புகுந்து ஊளையிடும்.

டாப்ளர் விளைவால் (சாட்டிலைட் நம்மை நோக்கி வந்து விலகிப் போவதால்) அங்கிருந்து இறங்கும் அலைவரிசை சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே தொடங்கி, தலைக்கு மேல் கடந்ததும் கீழே சரியும்; அதனால் 436.805 முதல் 436.785 வரை 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து மெமரி போட்டு வையுங்கள்.

கூட வரும் குட்டி ஆன்டெனா போதாது. கையில் பிடித்து சாட்டிலைட்டை நோக்கித் திருப்பும் யாகி ஆன்டெனா வேண்டும். யானைமலை ஒரு பக்கம் மறைப்பதால் சாட்டிலைட் உயரமாகக் கடக்கும் நேரங்களை மட்டும்தான் நான் எடுக்கிறேன்.

குறை என்றால், தயாரிப்பு நின்றுவிட்டது, செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். பின்னால் வந்த டி74, டி75 இரண்டிலும் ஃபுல் டூப்ளெக்ஸ் கிடையாது, புதுசு என்று ஏமாந்துவிடாதீர்கள். அமெச்சூர் (ஹாம்) ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்த பிறகே வாங்குங்கள்.