துபாய்க்குப் போகிறவருக்கு எந்த அரபி?

துபாய் விசா கைக்கு வந்ததும் பலரும் அரபி கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அதில் இருப்பது ஃபுஸ்ஹா. செய்தி வாசிக்கிற, சட்டம் எழுதுகிற அரபி. அதைக் கடையில் போய்ப் பேசினால், நம்மூர் டீக்கடையில் "ஐயா, எமக்கொரு குவளைத் தேநீர் அருள்வீராக" என்று கேட்ட கதைதான். புரியும், சிரிப்பார்கள். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் லாபம்தான். வேலை ஒப்பந்தம் 2016 முதல் தமிழிலும் கிடைக்கிறது என்றாலும், தகராறு என்று வந்தால் நிற்பது அரபி வாசகமே.

சரி, பேச்சு அரபி? அதில் எது? 'இப்போது' என்பதற்குப் புத்தகத்தில் அல்ஆன். அமீரகத்துக்காரருக்கு அல்ஹீன், எகிப்துக்காரருக்கு தில்வத்தி, சிரியாக்காரருக்கு ஹல்லா. மூவரும் ஒரே ஆபீஸில் இருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது அமீரகப் பேச்சு. ஜகரம் அங்கே யகரமாகக் குழையும். தஜாஜ் என்கிற கோழி தியாய் ஆகிவிடும். இந்திச் சொற்களும் கலந்திருக்கும்: நேராகப் போ என்பதற்கு 'சீதா', மின்விசிறிக்கு 'பன்கா'. திர்ஹமை இன்னும் 'ருபிய்யா' என்பவர்கள் உண்டு. 1966 வரை அங்கே புழங்கியது இந்தியா வெளியிட்ட ரூபாய்தானே! ஆனால் உள்ளூர்க்காரர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். அவரும் நம் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கோ, பிழைக்க வந்த பல நாட்டவரோடு பேசும் உடைந்த அரபிக்கோ தாவிவிடுவார். பேசிப் பழக ஆள் கிடைக்காது.

அந்த உடைந்த அரபி யாருக்கும் தாய்மொழி இல்லை, எல்லாருக்கும் தெரியும். வினைக்கு விகுதி கிடையாது. ஃபீ என்றால் உண்டு, மாஃபி என்றால் இல்லை. "ஆனா மாஃபி மாலூம்" என்றால் எனக்குத் தெரியாது. வேலைக்கு ஆள் எண்ணும்போது "கம் நஃபர்?" என்பார்கள். நம் 'நபர்' அதேதான். மிச்சச் சில்லறையும் பாக்கிதான். ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். வில்லங்கம் என்னவென்றால், இதில் ஆண், பெண் எல்லாரும் 'இன்த்தா'. கவுன்டரில் இருக்கும் அம்மாவிடம் 'இன்த்தி' என்று சொல்லவேண்டும். இன்த்தாவிலேயே பழகிய நாக்கு அவ்வளவு சீக்கிரம் திருந்தாது.

இதற்கெல்லாம் முன்னால் இந்தி நிற்கிறது. டாக்ஸிக்காரரின் உருதுவும் நம் அரைகுறை இந்தியும் எப்படியோ ஒத்துப்போகும். அபுதாபி நீதிமன்றங்களே 2019-ல் தொழிலாளர் வழக்குகளுக்கு அரபி, ஆங்கிலத்தோடு இந்தியைச் சேர்த்துக்கொண்டன. மலையாளம் நமக்கு இலவச இணைப்பு, கஃபட்டேரியாவில் பாதி தானாகப் புரியும்.

என்னைக் கேட்டால் ஊரிலேயே கொஞ்சம் இந்தி, கூடவே அரபி எழுத்து. உடைந்த அரபி அங்கே போனதும் தானாக வரும். அதில் முதலில் ஒட்டுவது 'கல்லி வல்லி', அதாவது 'போய்த் தொலையட்டும் விடு'. முதலாளி முன்னால் மட்டும் வாய் தவறிவிடாதீர்கள்.