அக்கூஸ்டிக் பேஸுக்கு வளையும் பீசோ: வாங்கலாமா?

அக்கூஸ்டிக் பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகள், தடித்ததிலிருந்து இ, ஏ, டி, ஜி. ஆம்பில் செருகினால் ஜி தந்தி காதைக் கிழிக்கிறது, ஏ-யும் டி-யும் போர்வைக்குள் பேசுகின்றன. பாம்பன், தங்கச்சிமடம் பக்கக் கோவில் பாடற்குழுவில் யாராவது இப்படிச் சொன்னால், உடனே கிடைக்கும் மருந்து "பிக்கப்பை மாத்துங்க" என்பதுதான் (பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் உறுப்பு). தந்திகளைத் தாங்கும் மெல்லிய துண்டான சேடிலுக்கு அடியில் படுக்கும் வளையும் பீசோ பிக்கப்பைத்தான் கைகாட்டுவார்கள். பொருள் நல்லதுதான். ஆனால் பல பேஸ்களுக்கு அது தேவையே இல்லை.

பார்க்க மெல்லிய ஒயர் போல இருக்கும். வெளியே பின்னிய உலோக உறை, உள்ளே நீளம் முழுக்க, அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீசோ பொருள். தந்தி எங்கே அழுத்தினாலும் உணரும். இதன் அருமை தெரிய, ஆறு பீசோ படிகம் பதித்த கிட்டார் பிக்கப் பட்டையைப் பேஸில் போட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். கிட்டாரில் படிகங்களுக்கு இடையே சுமார் 10.5 மி.மீ.; பேஸ் தந்திகளுக்கு இடையே சுமார் 19 மி.மீ. பட்டையை நடுவில் வைத்தால் ஓரத்து இ-யும் ஜி-யும் ஏறக்குறைய படிகத்தின் மேலேயே நிற்கும், ஏ-யும் டி-யும் இரண்டு படிகங்களுக்கு நடுவே விழும். நடுத்தந்திகள் மட்டும் சோர்ந்திருந்தால் முதல் சந்தேகம் இதுதான். அப்படிப்பட்ட பேஸுக்கு வளையும் பீசோவைத் தயங்காமல் வாங்கலாம்.

மற்றவர்கள் காசை எடுக்கும் முன் ஒரு சோதனை. ஆம்பின் சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு தந்திக்கும் பக்கத்தில் சேடிலின் தலையைப் பென்சில் முனையால் ஒரே பலத்தில் தட்டுங்கள். நான்கு இடத்திலும் ஒரே சத்தம் வந்தால் பிக்கப் மேல் பழியில்லை. தந்தியையும் அது சேடிலில் இறங்கும் கோணத்தையும் பாருங்கள். பேஸ் தந்தியின் குண்டு முனையில் தடித்த சுற்று இருக்கும். அது சேடில் மேல் ஏறி உட்கார்ந்தால் தந்தி சரியாகப் படியாது. தட்டும்போதே சத்தம் மாறினால், சேடிலை இடவலமாகத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள் (சோதனைக்கு மட்டும், சுருதி விலகும்). குறை எதிர்ப்பக்கத் தந்திக்குத் தாவினால் குற்றவாளி சேடில். அங்கேயே நின்றால் பிக்கப் அல்லது சேடில் உட்காரும் பள்ளம்.

சேடில்தான் குற்றவாளி என்றால் செலவு ஒரு உப்புத்தாள். கண்ணாடித் துண்டின் மேல் 320 எண் தாளை ஒட்டி, சேடிலின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, நிமிர்த்திப் பிடித்து நேராக இழுங்கள். கோடு எல்லா இடத்திலும் ஒன்றாக அழிந்தால் அடி சமம். வெறும் கையால் தேய்த்தால் இரண்டு ஓரமும் உருண்டுவிடும். பிறகு இ-யும் ஜி-யும் போய்விடும். பள்ளத்தில் சேடில் விரலால் உருவ வர வேண்டும், ஆனால் சாயக் கூடாது. இறுகிப் பிடித்தால் தந்தியின் அழுத்தம் பள்ளத்தின் சுவரோடு நின்றுவிடும், கீழே போகாது.

பிக்கப்பையே மாற்றுவதானால் பள்ளத்தின் அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள், 2.4 மி.மீ.-ம் 3.2 மி.மீ.-ம் வேறு வேறு சாமான். பள்ளத்து மரத்தூளையும் பழைய பசையையும் சுரண்டி எடுங்கள். புதிய பிக்கப் பழையதைவிட எவ்வளவு தடிமனோ, அவ்வளவைச் சேடிலின் அடியில் குறைத்தால் தந்தி உயரம் மாறாது. ஒயர் இறங்கும் ஓட்டை சரிவாக இருக்கட்டும். செங்குத்தாக மடக்கினால் அந்த இடத்தில் உள்ளே முறியும், பக்கத்துத் தந்தி ஊமையாகும். வாடைக்காற்று மாதங்களின் ஈரத்தில் மேல்பலகை உப்பிப் பள்ளத்தின் தரை லேசாக வளைந்தாலும் இந்த வகை கூடவே வளைந்து படியும். விறைப்பான பட்டை அப்படிப் படியாது. இந்தக் கடற்கரைக்கு அதற்காகவே ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கலாம். சோர்ந்த தந்திக்கு அடியில் காகிதம் மடித்து வைக்கும் வித்தை வேண்டாம். அந்தத் தந்தியை நிமிர்த்தினால் பக்கத்துத் தந்தி படுத்துவிடும்.

இந்தப் பிக்கப்பால் தீராத குறையும் உண்டு. இ மட்டும் மெலிந்திருந்தால், பிக்கப்பின் சன்னமான மின்சைகையை வாங்கி வலுவாக்கும் பிரீஆம்பைப் பாருங்கள். 1 நானோஃபாரட் மின்தேக்கம் உள்ள பீசோவை 1 மெகாஓம் மின்தடை உள்ள உள்ளீட்டில் செருகினால் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் சரியத் தொடங்கும். பேஸின் திறந்த தந்திகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நான்குமே அந்தச் சரிவில்தான் நிற்கின்றன, அதிகம் இழப்பது இ. 10 மெகாஓம் ஆனால் சரிவு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பிரீஆம்ப் இல்லாமல் நேரே மிக்சரில் செருகிவிட்டுப் பிக்கப்பைத் திட்டுவது நியாயமில்லை. சின்ன ஸ்பீக்கர் பெட்டியும் 41 ஹெர்ட்ஸைத் தராது; ஹெட்போனில் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

குறை என்று சொன்னால், பின்னிய உறை உப்புக்காற்றுக்குத் திறந்தே கிடக்கிறது. உறை பச்சை பிடித்து எர்த் விட்டால் 'உம்ம்' என்று இரைச்சல் வரும். பிரீஆம்பில் செருகும் சின்ன பிளக்கும் அப்படித்தான், அங்கே சத்தம் விட்டுவிட்டு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கையும் 9 வோல்ட் பேட்டரி முனைகளையும் கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள். வெண்கலத் தந்தி இங்கே சீக்கிரம் கறுத்துச் செத்துவிடும், அதுவும் நான்கும் ஒரே வேகத்தில் சாகாது. பீசோவுக்குத் தந்தியில் இரும்பு வேண்டியதில்லை என்பதால், நைலான் நாடா சுற்றிய கறுப்புத் தந்தி போட்டாலும் பிக்கப் அதே வேலையைச் செய்யும்.