துருமாற்றித் திரவம்: அம்பாசடர் மட்கார்டில் ஒரு மழைக்காலம்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசடர் காரை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு, மட்கார்டின் கீழ் விளிம்பில் பெயிண்ட் கொப்புளித்து நிற்பது புதிய காட்சியன்று. அதற்காகப் பெயிண்ட் கடையில் அரை லிட்டர் துருமாற்றி வாங்கினேன். டானிக் அமிலம் கலந்த இத்திரவம், துருவிலுள்ள இரும்பு ஆக்சைடுடன் வினைபுரிந்து அதைக் கருநீல இரும்பு டானேட் படலமாக மாற்றுகிறது; பூசிய சிறிது நேரத்திலேயே பழுப்பு கறுப்பதைப் பார்ப்பது, உண்மையைச் சொன்னால், சற்றுப் போதையான அனுபவம்.

ஆனால் துருவின் மேல் நேரடியாகப் பூசலாம் என்று புட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி இடப்பக்க மட்கார்டில் அப்படியே பூசியது என் தவறு. ஒரே மழைக்காலத்தில் அது செதில் செதிலாக உரிந்துவிட்டது. வலப்பக்கத்தில் கம்பி பிரஷாலும் 80 எண் உப்புத்தாளாலும் தளர்ந்த துருவை முழுவதும் நீக்கி, தின்னரால் துடைத்து, இரண்டு பூச்சு கொடுத்து, நன்கு உலர்ந்தபின் எபாக்சி பிரைமர் அடித்திருந்தேன். அங்கு ஒரு புள்ளித் துருவும் திரும்பவில்லை.

திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும் அளவுக்கு அரித்த தகட்டுக்கு இது உதவாது. அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதிய தகடு பற்றவைக்கவே வேண்டும். ஓட்டையின் மேல் பட்டி மட்டும் வைத்தால், அது பின்புறத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி மறுபடி கொப்புளிக்கும்.

மேற்பரப்புத் துருவுக்குத் தயங்காமல் வாங்கலாம். கையுறை அணியுங்கள், சிமென்ட் தரையில் சிந்திய கறை என் வீட்டில் இன்னும் போகவில்லை.