பழைய ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்கு ஆப்பில் ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள் – 7,400 ரூபாய் போச்சு

7,400 ரூபாய். அது திரும்பி வராது என்று நேற்று சாயங்காலம்தான் உறுதியானது, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஆம்ப்ளிஃபயர் 1993-ல் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. அப்பாவுக்குக் காலையில் அதில் பாட்டு ஓடினால்தான் பொழுது விடியும். ஆறு மாதமாக இடது பக்கம் திடீரென்று சத்தம் நின்றுவிடும், வால்யூமை ஏற்றினால் படக்கென்று வரும், ராத்திரி மெதுவாக வைத்தால் மறுபடி போய்விடும்.

வீட்டுக்கே ஆள் அனுப்பும் சர்வீஸ் ஆப் ஒன்றில் பதிவு செய்தேன். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். மூடியைக் கழற்றி, தூசியை பிரஷ்ஷால் பதமாகத் தட்டிவிட்டு, "இந்த மாதிரி செட்டெல்லாம் இனிமே வராதுங்கய்யா, குழந்தை மாதிரி வெச்சிருக்கீங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, உடனே காபி கொண்டுவரச் சொன்னார். அங்கேதான் விழுந்தோம். ஐ.சி. (சத்தத்தைப் பெருக்கும் சிப்) போய்விட்டதாம், கடைக்கு எடுத்துப் போகணுமாம், "ஆப்ல கட்டினா பாதி அவங்களுக்கே போயிரும் சார், எனக்கு நேரா போட்டுவிடுங்க" என்றார். ரசீதுகூடக் கேட்காமல் 7,400 ரூபாயைப் போட்டுவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து செட் வந்தது. நாலு நாள் பாடியது, அப்புறம் அதே இடது பக்கம், அதே கோளாறு. கூப்பிட்டால் "உங்க ஏரியா கரண்ட் சரியில்ல சார்", அடுத்த வாரம் "ஊர்ல ஒரு சாவு, திங்கக்கிழமை வந்துடுறேன்", அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை. ஆப்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை, வாரண்டி கிடையாது என்று ஒரே பாட்டு. மூன்றாவது தடவை பேசிக்கொண்டிருக்கும்போதே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வருகிறது!

நேற்று சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு தம்பி பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். ஆன் செய்து சில நொடியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்குமே, அது ஸ்பீக்கர் ரிலே, ஸ்பீக்கரை இணைத்துவிடும் ஒரு சின்ன ஸ்விட்ச். முப்பது வருடத்தில் அதன் கான்டாக்ட், அதாவது உள்ளே ஒன்றையொன்று தொடும் உலோக முனை, கறுத்துப்போயிருக்கிறது. மெதுவாக வைக்கும்போது வரும் சின்ன சிக்னல் அந்தக் கறையைத் தாண்டாது, வால்யூம் ஏற்றினால் தாண்டிவிடும். அவ்வளவுதான் கோளாறு. புது ரிலே, கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய்.

வயிறு எரிவது பணத்துக்காக மட்டும் இல்லை. நன்றாக இருந்த ஒரிஜினல் எஸ்.டி.கே. வகை ஐ.சி.யைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டைப் போட்டிருக்கிறான் ஆப்பில் வந்த அந்த ஆள். பழையதை அன்றைக்கே கேட்டேன், "குப்பையில போட்டாச்சு சார்" என்றான். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

சரி, கவனிக்க வேண்டியது. செட்டை ஆஃப் செய்துவிட்டு, பின்னால் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள், சத்தம் போவது அடுத்த ஸ்பீக்கருக்கு மாறினால் ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. ரிலே கான்டாக்டை உப்புத்தாள் வைத்துத் தேய்க்க விடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். செட்டை வெளியே அனுப்பும் முன் உள்ளே இருப்பதையெல்லாம் போட்டோ எடுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். கழற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.