மணற்பாறைப் பிளவில் இறங்க எந்தக் கயிறு: நைலானா, பாலியஸ்டரா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சயான் தேசியப் பூங்காவின் கீஹோல், பைன் கிரீக் போன்ற குறுகிய மணற்பாறைப் பிளவுகளில் இறங்கப் போகிறவர்கள் சொந்தமாக வாங்க வேண்டிய முதல் பொருள் கயிறு. ஹெல்மெட், இடுப்பில் கட்டும் ஹார்னஸ், குளிர்நீருக்கான வெட்சூட் உடை எல்லாம் பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். கயிறும் கிடைக்கும். ஆனால் யார் யாரோ எப்படியெல்லாமோ தேய்த்த கயிற்றில் தொங்க எனக்கு மனம் வராது.

நான் முதலில் பயன்படுத்தியது 10 மி.மீ. நைலான் ஸ்டாட்டிக் கயிறு, அதாவது எடை விழும்போது குறைவாக நீளும் வகை. இப்போது இருப்பது 8 மி.மீ. சொச்சம் பருமனுள்ள பாலியஸ்டர். என் ஓட்டு பாலியஸ்டருக்கே. பருமன் குறைவு என்பதால் பையில் இடமும் தோளில் பாரமும் குறையும் என்பது சொல்லாமலே விளங்கும். விலையை வைத்து முடிவு செய்யும் அளவுக்கு வேறுபாடு இல்லை.

முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: பாறை விளிம்பில் கயிறு எவ்வளவு உரசுகிறது என்பது. சயானின் நவாஹோ மணற்பாறை பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். இழைக்கு அது அரம். கயிற்றில் இறங்கும்போது நம் எடை ஒரே சீராக விழுவதில்லை. கால் வைக்கும்போது குறைகிறது, சறுக்கும்போது கூடுகிறது. நீளும் தன்மையுள்ள கயிறு ஒவ்வொரு முறையும் நீண்டு சுருங்கும். விளிம்பில் ஒரே இடத்தில் அது மேலும் கீழுமாக அறுபடுகிறது. நைலான் இயல்பிலேயே அதிகம் நீளும், பாலியஸ்டர் குறைவாக நீளும். பைன் கிரீக்கின் கடைசி இறக்கம் சுமார் 30 மீட்டர், பெரும்பகுதி அந்தரத்தில் தொங்கல். பழைய நைலான் கயிற்றில் அங்கே இறங்கியபின், விளிம்பில் பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தால் உள்ளிழையை மூடியிருக்கும் மேலுறை பஞ்சுபோல் உதிரியாக எழுந்திருக்கும். பாலியஸ்டரில் அதே இடம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மலையேற வாங்கிய டைனமிக் கயிறே (விழுபவரைத் தாங்க நீண்டுகொடுக்கும் வகை) போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது 80 கிலோ எடைக்கே 7, 8 விழுக்காடு நீளும். 30 மீட்டரில் இரண்டு மீட்டருக்கும் மேல். விளிம்பில் அதன் கதி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தேய்வது கயிறு மட்டுமல்ல. கடைசி ஆள் இறங்கியதும் கயிற்றைக் கீழிருந்து இழுக்கிறோம். அப்போது மணற்பாறையில் தடம் விழுகிறது. பலர் இறங்கும் பிளவுகளில் விளிம்பில் விரல் நுழையும் ஆழத்துக்குப் பள்ளங்கள் இருக்கின்றன. அந்தப் பாறை மீண்டும் வளரப் போவதில்லை. கயிறு கோக்கும் வளையத்தை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி கட்டுவதுதான் இதற்குச் சரியான வழி. எந்தக் கயிறானாலும் அதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் நைலானை இழுக்கும்போது இழுப்பில் ஒரு பங்கு கயிற்றை நீட்டுவதிலேயே போய்விடுகிறது. 2015 செப்டம்பரில் கீஹோலில் வந்த திடீர் வெள்ளத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கயிற்றோடு மல்லுக்கட்டி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் எனக்குக் கவலைதான்.

தண்ணீர் அடுத்தது. கீஹோலின் குளங்கள் கோடையிலும் நடுங்க வைக்கும். கயிறு நனையாமல் வெளியே வராது. நைலான் இழை தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் அதன் வலு 10 முதல் 15 விழுக்காடு குறையும். காய்ந்தபின் நீளமும் சற்றுச் சுருங்கும். பாலியஸ்டர் இழை தண்ணீரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. உறைக்கும் உள்ளிழைக்கும் நடுவே நீர் தங்கத்தான் செய்யும், ஆகவே ஈரக் கயிறு லேசாக இருக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே. வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் ஊறவைத்து, செம்மண் நிறம் போகும்வரை தண்ணீர் மாற்றி அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். உள்ளே புகுந்த மணல் உள்ளிழையை அறுக்கும். இறங்கு கருவியின் அலுமினியத்தையும் தின்றுவிடும். பாலியஸ்டரின் உறை நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் என் கயிற்றில் மணல் குறைவாகவே புகுகிறது. வெயிலையும் அது நைலானைவிட நன்றாகத் தாங்கும்.

குறைகளும் உண்டு. நாளாக நாளாகக் கம்பிபோல் விறைத்துவிடுகிறது. முடிச்சு இறுக நேரம் பிடிக்கிறது. புதிதாக இருக்கும்போது மெல்லிய கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும். உராய்வைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள கருவியும் கையுறையும் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. புதியவர்களைக் கூட்டிப்போகும் குழு என்றால், கைக்கு அடக்கமான பருமனுள்ள நைலானை நான் மறுக்க மாட்டேன். பாறை ஏறும்போது விழுந்தால் தாங்க வேண்டிய கயிறு வேறு. அதற்கு டைனமிக் தவிர வேறெதையும் தொடவே கூடாது. டைனீமா என்னும் மிக வலுவான செயற்கை உள்ளிழை கொண்ட கயிறுகளை நண்பர்களிடம் வாங்கிச் சற்றே இறங்கிப் பார்த்ததோடு சரி. அவை எத்தனை காலம் உழைக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

நீளம் 60 மீட்டர் வாங்குங்கள். வளையத்தின் ஒரு பக்கம் கேரபினரால் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) தடுத்து, மறுபக்கக் கயிற்றில் இறங்கி, தடுப்புள்ள பக்கத்தை இழுத்து எடுக்கும் முறைக்கு இறக்கத்தைப் போல இரு மடங்கு கயிறு வேண்டும் என்பதால், பைன் கிரீக்கின் கடைசி இறக்கத்தில் அதில் மிச்சம் அதிகம் இருக்காது.