நீர்த்தொட்டியா, உலர் கலனா?

கூடங்குளம் பேச்சு வந்தாலே கிருஷ்ணகிரியில் எங்கள் டீக்கடை வட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். பயன்படுத்திய அணு எரிபொருளைத் தண்ணீர்த் தொட்டியில் வைப்பதா, தண்ணீரில்லாத கனத்த எஃகு அல்லது கான்கிரீட் கலனில் அடைப்பதா? நிலநடுக்கம் வந்தால் எது தாங்கும்?

குளிர்ச்சி: தொட்டிக்குப் பம்பு, மின்சாரம், ஆள் மூன்றும் வேண்டும். கலனுக்குக் காற்றோட்டமே போதும்.

குலுக்கல்: தொட்டியில் தண்ணீர் அலையடித்துச் சிந்தும், விரிசல் விட்டால் இன்னும் மோசம். கலன் கவிழ்வதைவிட நகரத்தான் பார்க்கும். 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 5.8 அளவு நிலநடுக்கம். அங்குள்ள நார்த் அன்னா அணுமின் நிலையத்தில் நூறு டன்னைத் தாண்டிய கலன்கள், அதாவது நம் குவாரியிலிருந்து லாரியில் போகும் பெரிய கிரானைட் கற்கள் நான்கைந்தின் எடை, சில அங்குலம் நகர்ந்தன. கசிவு இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் புகுஷிமாவில் சுனாமி மின்சாரத்தைப் பறித்ததும், தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஹெலிகாப்டரும் கான்கிரீட் பம்பு வண்டியும் வர வேண்டியிருந்தது. அங்கிருந்த உலர் கலன்கள் வெள்ளத்தில் நனைந்தும் தாங்கின.

செலவு: கலனுக்கு முதலில் கையைக் கடிக்கும், அப்புறம் பராமரிப்பு குறைவு.

சரி, தொட்டியே வேண்டாமா? உலையிலிருந்து இப்போதுதான் எடுத்த எரிபொருளின் சூட்டைத் தண்ணீர்தான் அடக்கும். சில ஆண்டுகளுக்குத் தொட்டியை விட்டால் வழியில்லை. ஆறிய பிறகும் அதிலேயே நெருக்கி அடுக்கிக்கொண்டே போவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஆறியதைக் கலனுக்கு மாற்றிவிட வேண்டும்.