ஜப்பானில் முப்பது நாள்: பஸ் அட்டவணையிலிருந்து போட்ட திட்டம்

2025 அக்டோபர் 20-ஆம் தேதி டோக்கியோவில் இறங்கி, நவம்பர் 18-ஆம் தேதி ஒசாக்காவிலிருந்து விமானம் ஏறினோம், நானும் மனைவியும். ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரிலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுத்ததால் வந்த வழியே திரும்பிப் போகும் ஒரு நாள் மிச்சம். நீண்ட பயணம் போகிற எல்லோருக்கும் இதை முதலில் சொல்வேன்.

எட்டு மாதம் முன்பே திட்டம் போட உட்கார்ந்தேன். முதலில் டோக்கியோ, கியோட்டோ, ஒசாக்கா என்று நகரங்களுக்கு நாள் ஒதுக்கிவிட்டு, கிராமங்களை இடையில் செருகினேன். மலைக்கிராமங்களின் பஸ் நேரங்களைப் பார்த்ததும் அது அப்படியே குலைந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது சில நிமிடங்களில் வரும். மலையில் ஒரு நாளைக்கு நாலைந்து பஸ்தான், கடைசி பஸ் மாலை ஐந்துக்கு முன்பே போய்விடும். அதனால் தலைகீழாக ஆரம்பித்தேன். கிராமத்துத் தேதிகளையும் அங்கே தங்கும் வீடுகளையும் முதலில் உறுதிசெய்தேன், மீதி நாட்கள் நகரங்களுக்குப் போயின. முப்பது நாளும் நிலைத்து நின்றது இந்த ஒரு முடிவுதான்.

அந்த பஸ்ஸில் ஏறுவதற்கே ஒரு முறை இருக்கிறது. பல ஊர்களில் பின்வாசலில் ஏற வேண்டும். ஏறியதும் ஒரு சின்ன இயந்திரம் எண் அச்சடித்த துண்டுச்சீட்டை நீட்டும். ஓட்டுநர் தலைக்கு மேலே பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது சீட்டையும் சரியான சில்லறையையும் சேர்த்துப் பெட்டியில் போட வேண்டும். பக்கத்திலேயே 1,000 யென் நோட்டுக்குச் சில்லறை தரும் இயந்திரமும் இருக்கும், வண்டி நிற்கும்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் ஏற்றி, நகரத்தில் எங்கும் ரயில், பஸ் கட்டணத்துக்குத் தட்டும் சுய்கா அட்டை மலையில் பல இடங்களில் உதவாது.

இவ்வளவு கவனித்தும் ஒரு நாள் தவறினேன். நவம்பர் 3, திங்கட்கிழமை. வேலைநாள் அட்டவணையைப் பார்த்து நிறுத்தத்தில் நின்றோம், பஸ் வரவே இல்லை. அன்று பண்பாட்டு தினம், அரசு விடுமுறை. விடுமுறைக்கு வேறு அட்டவணை என்பது எனக்குத் தெரியும், அந்த நாள் விடுமுறை என்பதுதான் தெரியவில்லை. எதிரே இருந்த கடை அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, தானே போன் செய்து டாக்சி வரவழைத்தார். வண்டி வரும்வரை உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பயணத் தேதிகளோடு அந்த நாட்டு விடுமுறைப் பட்டியலையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு விருப்பம்போல் போக வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ரயில் பாஸ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் வாங்கவில்லை. 2023 அக்டோபரில் 21 நாள் பாஸ் 60,450 யென்னிலிருந்து 1,00,000 யென்னாக ஏறிவிட்டது. கிராமத்தில் நடந்தே கழியும் நாட்களில் பாஸ் சும்மா கிடக்கும், மலை பஸ்களில் பெரும்பாலும் செல்லாது. தனித்தனியாக டிக்கெட் எடுத்ததில் ஜேஆர் ரயில்களுக்கு ஆளுக்கு 60,000 யென்னைத் தாண்டவில்லை. ஓரிரு வாரத்தில் பெருநகரங்களை மட்டும் வேகமாகச் சுற்றுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மாதம் முழுக்க அலுக்காமல் உதவியது பெட்டி அனுப்பும் சேவை, தக்யூபின். ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாளே அடுத்த நகரத்து ஹோட்டலில் காத்திருக்கும். பெரிய பெட்டிகள் முன்னே போய்விட, முதுகுப்பையோடு கிசோ என்ற மலைப் பள்ளத்தாக்கில் மாகோமே கிராமத்திலிருந்து சுமாகோ கிராமத்துக்கு நடந்தோம். அந்தக் காலத்தில் டோக்கியோவையும் கியோட்டோவையும் மலைவழியே இணைத்த நகாசெந்தோ பாதையில் சுமார் 8 கிலோமீட்டர். மாகோமேயிலிருந்து தொடங்கினால் ஏற்றம் குறைவு. வழிநெடுக கரடியை விரட்ட மணிகள் தொங்குகின்றன, ஒன்று விடாமல் மனைவி அடித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் ஒரு பழைய மரவீட்டில் அடுப்பு புகைந்துகொண்டிருக்க, சூடாகத் தேநீர் தந்தார்கள், காசு வாங்கவில்லை. சுமாகோவில் பகலில் கடைவீதிக்குள் கார் வராது, தலைக்கு மேல் மின்கம்பியும் கிடையாது. சுற்றுலாக் கூட்டம் மாலை பஸ்ஸில் போன பிறகு தெருவில் எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே இரவு தங்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

சாப்பாடு. மனைவி சுத்த சைவம். காய்கறி சூப்பிலும் சோபா என்ற நூடுல்ஸிலும்கூட தாஷி என்ற மீன் சாறு இருக்கும், கேட்காமல் வாங்கக் கூடாது. கிராமத்து விடுதிகளில் இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே தயாராகிவிடும், முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சொன்ன இடங்களில் அக்கறையாகச் செய்து தந்தார்கள், மற்ற நாட்களில் வெறுஞ்சோறும் நாங்கள் கொண்டுபோன பருப்புப்பொடியும். கோயாசான் மலையில் பௌத்தக் கோயில் விடுதியில் மட்டும் அவள் எதையும் விசாரிக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டாள். அங்கே துறவிகளின் மரக்கறிச் சமையல், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. சாறுக்குக் கடற்பாசியும் காளானும்தான். உறையவைத்து உலர்த்திய சோயா கட்டியான கோயா தோஃபு, பஞ்சு மாதிரி சாற்றை உறிஞ்சிக்கொண்டு வந்தது.

அடுத்த முறைக்கு ஒரே மாற்றம்: கியோட்டோவுக்கு ஒதுக்கிய ஆறு இரவில் இரண்டை எடுத்து கிசோவுக்குக் கொடுப்பேன்.